முதியோர் சத்துக்குறைவு: முதல்நிலைச் சோதனையும் அதற்குப் பின்னும்

ஒரு நோய் தன்னை வெளிப்படையாகக் காட்டிக்கொள்வதற்கு முன்பே, நலமாக இருப்பதாகத் தோன்றும் மக்களிடையே அதைத் தேடிக் கண்டறிவது எப்போது தகும் என்பதற்கான நெறிகளை, 1968இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒரு சிறு நூல் வகுத்துத் தந்தது. வில்சன், யுங்னர் ஆகிய இருவர் எழுதிய அந்நூலின் பத்து நெறிகளில் நான்கு இங்கே நினைக்கத்தக்கவை: தேடப்படும் நோய் மக்களுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பதாக இருக்க வேண்டும், முற்றுவதற்கு முன் அறியத்தக்க ஒரு கட்டம் அதற்கு இருக்க வேண்டும், கண்டறியப்பட்டவருக்குத் தரத்தக்க சிகிச்சை கைவசம் இருக்க வேண்டும், தேடல் ஒருமுறை நடத்தி முடிக்கும் சடங்காக இல்லாமல் தொடர்ந்து நடப்பதாக இருக்க வேண்டும். அறுபதைக் கடந்தோரிடம் காணப்படும் சத்துக்குறைவு முதலிரண்டு நெறிகளுக்கும் தடையின்றிப் பொருந்துகிறது. பின்னிரண்டில்தான் தமிழ்நாடு உட்படப் பல இடங்களில் ஏற்பாடு இடறுகிறது என்பதும், ஸ்கிரீனிங் என மருத்துவமனைகளில் வழங்கும் முதல்நிலைச் சோதனைக்குப் படிவம் அச்சிடுவதைவிட அதற்குப் பின்வரும் வாரங்களை ஒழுங்குசெய்வதே அரிய வேலை என்பதும் இவ்வுரையின் கருத்து.

முதியவர் மெலிவதைக் குடும்பம் பெரும்பாலும் நோயாகக் கருதுவதில்லை. வயதானால் உடம்பு வற்றத்தான் செய்யும் என்று சொல்லி விட்டுவிடுகிறது. இந்த எண்ணத்தில் ஒரு பாதி உண்மை உண்டு. ஜான் மோர்லி என்னும் முதுமையியல் மருத்துவர் 1980களின் இறுதியில் விரித்துரைத்த முதுமைப் பசியின்மை என்பது உடலியங்கியலின்பாற்பட்டது: மணமும் சுவையும் மங்குகின்றன, இரைப்பையின் மேற்பகுதி முன்போல் விரிந்து கொடுப்பதில்லை, நிறைவுணர்வைத் தரும் ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன, ஆகவே சில கவளங்களிலேயே வயிறு நிரம்பிவிட்டதுபோல் தோன்றுகிறது. ஆனால் இந்த இயல்பான குறைவின்மேல் பல் இழப்பு, பொருந்தாத பல்செட், பக்கவாதத்திற்குப் பின் விழுங்குவதில் ஏற்படும் சிரமம், மனச்சோர்வு, துணையின் மறைவு, நாள்தோறும் விழுங்கும் பலவகை மாத்திரைகள் ஆகியவை வந்து சேரும்போது ஏற்படும் மெலிவு இயல்பானது அன்று. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு, முயற்சி எதுவுமின்றிக் குறைந்துவிட்டால், எந்த வயதினராயினும் காரணம் தேடப்பட வேண்டும் என்பதே மருத்துவத்தின் நிலைப்பாடு.

தமிழ்க் குடும்பங்களில் இதற்கென்று ஒரு தனிக் காரணமும் உண்டு. சர்க்கரை நோய் என்று ஒருமுறை சொல்லப்பட்டுவிட்டால், சோற்றைக் குறைத்து, கிழங்கை நீக்கி, பழத்தை விலக்கி, அவற்றுக்கு ஈடாக எதையும் சேர்க்காமல், இரவில் இரண்டு கோதுமைத் தோசையோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் பத்து, இருபது ஆண்டுகள் நீடித்துவிடுகிறது. ஐம்பது வயதில், பருமனான உடலுக்குச் சொல்லப்பட்ட அந்தப் பத்தியத்தை எழுபத்தைந்து வயதில் யாரும் திருத்துவதில்லை. சர்க்கரைக்கு முதலில் எழுதப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை சிலரிடம் பசியைக் குறைப்பதும், நீண்டகாலம் உட்கொள்வோரிடம் பி12 வைட்டமினைக் குறைப்பதும் இதனுடன் சேர்கின்றன. முதியோருக்கான ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டிகள் கட்டுப்பாடு மிகுந்த பத்தியங்களைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

மருத்துவமனைகளும் இதை நெடுங்காலம் கவனிக்கவில்லை. 1974இல் அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் பட்டர்வொர்த், மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகள் பட்டினியால் நலிவதை வெளிப்படையாக எழுதிய பிறகுதான் பேச்சே எழுந்தது. சோதனைக்காக வெறும் வயிற்றுடன் காத்திருக்க வைப்பதும், எடையையும் உயரத்தையும் குறிக்காமல் விடுவதும், குளுக்கோஸ் ஏற்றினாலே உணவு கொடுத்ததாக எண்ணிக்கொள்வதும் அவர் சுட்டிய குறைகள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் எந்தப் பொது வார்டிலும் அவற்றைக் காணலாம். இருபது ஆண்டுகள் கழித்து, 1994இல், ஸ்காட்லாந்தின் டண்டீ நகர மருத்துவமனையில் சேர்ந்த 500 பேரை ஆராய்ந்தபோது அவர்களில் 200 பேர் சத்துக்குறைவுடன் இருந்தனர். அந்த 200 பேரில் பாதிக்கும் குறைவானவர்களின் குறிப்பேட்டில்தான் ஊட்டம் பற்றி ஏதேனும் எழுதப்பட்டிருந்தது. சத்துக்குறைவு கண்ணுக்குத் தெரியும், ஆனால் கேட்க வேண்டிய கடமை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை என்பதே அந்த ஆய்வின் உட்பொருள்.

அந்தக் கடமையைப் படிவமாக்கிய கருவிகளில் முதியோருக்கென்றே உருவானது, சுருக்கமாக எம்.என்.ஏ. என வழங்கும் சிற்றூட்ட மதிப்பீடு. பிரான்சின் துலூஸ் நகர முதுமையியல் மருத்துவர் புரூனோ வெல்லாஸ், சுவிட்சர்லாந்தில் நெஸ்லே ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஈவ் கிகோ, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தினர் ஆகியோர் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் இதை அமைத்தனர்; இதன் வணிகக் குறியுரிமை இன்றும் நெஸ்லேயிடம் உள்ளது என்பதைப் பயன்படுத்துவோர் அறிந்திருப்பது நல்லது. பதினெட்டுக் கேள்விகள், முப்பது மதிப்பெண். 24உம் அதற்கு மேலும் என்றால் நலம், 17க்குக் கீழே என்றால் சத்துக்குறைவு, இடைப்பட்டவர் ஆபத்தின் விளிம்பில் நிற்பவர். இவ்வளவு கேள்விகளுக்கும் புறநோயாளிப் பிரிவில் நேரம் கிடைக்காது என்பதால் 2001இல் ஆறு கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் வந்தது. அதன் உச்ச மதிப்பெண் 14. 12 முதல் 14 வரை நலம், 8 முதல் 11 வரை ஆபத்து, 7உம் அதற்குக் கீழும் சத்துக்குறைவு.

அந்த ஆறு கேள்விகளும் கவனித்துப் படிக்கத்தக்கவை. கடந்த மூன்று மாதங்களில் பசியின்மை, செரிமானக் கோளாறு, மெல்ல முடியாமை, விழுங்க முடியாமை ஆகியவற்றால் உணவு குறைந்ததா; அதே காலத்தில் எடை குறைந்ததா; படுக்கையோடு இருக்கிறாரா, வீட்டுக்குள் நடமாடுகிறாரா, வெளியே சென்று வருகிறாரா; கடும் நோயோ பெரும் மன அதிர்ச்சியோ நேர்ந்ததா; மறதிநோயோ மனச்சோர்வோ உண்டா; உடல் நிறைக் குறியெண் எவ்வளவு. ஆறில் இரண்டு மட்டுமே உணவையும் எடைக் குறைவையும் நேரடியாகக் கேட்பவை. நடமாட்டம், நோய், மனம் பற்றிய மூன்றும் முதியவர் ஏன் உண்ணாமல் போகிறார் என்பதை நோக்கியவை. தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிடத் தட்டுவரை அவர் எப்படி வருகிறார் என்று கேட்பதுதான் இக்கருவியின் நுட்பம். குழந்தைகளின் சத்துக்குறைவை அளக்கும் முறைகளில் இது இல்லை.

எடை குறைந்ததா என்ற கேள்விக்கு மூன்று கிலோவுக்கு மேல் குறைந்தது என்றால் சுழியம், ஒன்று முதல் மூன்று கிலோ வரை என்றால் இரண்டு, குறையவில்லை என்றால் மூன்று, தெரியாது என்றால் ஒன்று என்று மதிப்பெண் தரப்படுகிறது. வீட்டில் எடை பார்க்கும் எந்திரம் இல்லாத ஊரில் இந்தக் கேள்விக்கு வரும் விடை பெரும்பாலும் தெரியாது என்பதே. அங்கே கேள்வி கேட்பவரின் திறமை தேவைப்படுகிறது: ரவிக்கை தொளதொளத்துப் போனதா, வளையலோ மோதிரமோ தானாகக் கழன்று விழுகிறதா, வேட்டி இடுப்பில் நிற்கவில்லையா, நன்றாகப் பொருந்திய பல்செட் இப்போது ஆடுகிறதா என்று கேட்டால் மூன்று மாதக் கதை வெளிவரும். பிரிட்டனில் பயன்படும் கருவியின் கையேடும் உடையும் நகையும் தளர்வதை எடைக்குறைவின் அடையாளமாக ஏற்றுக்கொள்கிறது.

முழு வடிவத்தின் சில கேள்விகள் ஐரோப்பிய வாழ்க்கையிலிருந்து பிறந்தவை என்பது தமிழ்நாட்டில் அவற்றைக் கேட்கும்போது புலப்படும். முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ இல்லாமல் தம் வீட்டில் வாழ்பவருக்கு ஒரு மதிப்பெண் உண்டு. ஆனால் மக்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, ஒருவருக்காக அடுப்பு மூட்டுவானேன் என்று காலையில் வடித்த சோற்றையே மூன்று வேளைக்கும் வைத்துக்கொள்ளும் கைம்பெண்ணுக்கும் அந்த மதிப்பெண் கிடைத்துவிடும். புரதம் பற்றிய கேள்வி, நாள்தோறும் ஒரு முறையாவது பால் பொருள், வாரம் இருமுறையாவது பருப்பு அல்லது முட்டை, நாள்தோறும் இறைச்சி அல்லது மீன் உண்டா என்று மூன்றாகப் பிரிந்து வருகிறது. காப்பியில் கலந்த பால் பால்தானா, நீர்த்த சாம்பாரின் ஒரு கரண்டி பருப்புதானா என்பதைக் கேட்பவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆம் என்று குறித்துவிட்டால் மதிப்பெண் ஏறும், புரதம் ஏறாது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி வளர்ந்தவருக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். முதியோருக்கு அது போதாது, 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2013இல் கூறியது. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம். ரசமும் மோருமாக மூன்று வேளையும் உண்பவர் ஒரு நாளில் 150 கிராம் அரிசியைச் சமைத்து உண்டால் கிடைப்பது ஏறத்தாழ 12 கிராம். காப்பியிலும் மோரிலுமாகச் சேரும் 200 மில்லி பால் 6 கிராம். ஒரு கைப்பிடியளவான 30 கிராம் துவரம்பருப்பு சேர்ந்தால் இன்னும் 7 கிராம். மொத்தத்தில் தேவையின் பாதியைத்தான் எட்டுகிறது. வயிறு நிறைந்திருக்கிறது, பசி என்ற முறையீடும் இல்லை; தசை மட்டும் கரைந்துகொண்டிருக்கிறது.

உடல் நிறைக் குறியெண், அதாவது கிலோகிராமில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண், முதியோரிடம் இருவகையில் ஏமாற்றும். முதலாவது உயரம். முதுகெலும்பின் வட்டுகள் தேய்ந்தும் எலும்புப்புரையால் முதுகு கூனியும் முதியவர் குள்ளமாகிறார். இளமையில் 155 செ.மீ. உயரமிருந்த ஒரு பெண் இப்போது 148 செ.மீ. நிற்கிறார், எடை 45 கிலோ என்று கொள்வோம். பழைய உயரத்தில் குறியெண் 18.7, இன்றைய உயரத்தில் 20.5. உடல் ஒன்றே, ஆயினும் முதல் எண்ணைக் கருவி கடும் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு சுழியம் இடும், இரண்டாவதற்கு ஒரு மதிப்பெண் தந்துவிடும். ஆகவே கூன் விழுந்தவரிடம் நின்ற உயரத்தை நம்பாமல், முழங்கால் உயரத்தையோ முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட எலும்பின் நீளத்தையோ அளந்து, அதிலிருந்து உயரத்தைக் கணிப்பதே முறை. இரண்டாவது, எல்லைக்கோடு. எம்.என்.ஏ. 23ஐயும் அதற்கு மேலும் முழு மதிப்பெண்ணுக்குரியதாகக் கொள்கிறது. ஆசியருக்கு அதே 23 முதலே எச்சரிக்கை தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் கூறியது. சர்க்கரை மருத்துவர் எடை குறைக்கச் சொல்லும் எண்ணை முதுமையியல் மருத்துவர் பாதுகாப்பின் தொடக்கமாகக் காண்கிறார். இரண்டும் வெவ்வேறு வயதினரின் வெவ்வேறு ஆபத்துகளை நோக்கியவை என்பதால் முரண் வெளித்தோற்றமே. எனினும் எழுபது கடந்தவரிடம் குறியெண் 24 என்பதைக் கண்டு எடையைக் குறைக்கச் சொல்லும் பழக்கம் கைவிடப்பட வேண்டியது, ஏனெனில் அந்த வயதில் குறையும் எடையில் தசையின் பங்கு பெரிது, அது திரும்பி வருவதும் அரிது.

நிற்க முடியாதவருக்காக 2009இல் சுருக்க வடிவத்தில் ஒரு மாற்று சேர்க்கப்பட்டது: குறியெண்ணுக்குப் பதிலாகக் கெண்டைக்காலின் சுற்றளவு. தையற்காரரின் டேப் போன்ற ஒரு நாடா போதும்; முழங்கால் செங்கோணத்தில் மடங்கியிருக்க, கெண்டைச்சதையின் மிகப் பருத்த இடத்தில் அழுத்தாமல் சுற்றி அளக்க வேண்டும். 31 செ.மீ.க்குக் குறைந்தால் சுழியம், இல்லையேல் மூன்று. இதே கெண்டைக்காலை ஆசிய வல்லுநர் குழு 2019இல் வேறொரு நோக்கத்திற்கு, அதாவது சார்கோபீனியா எனப்படும் முதுமைத் தசை இழப்பைச் சந்தேகிப்பதற்கு, ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 செ.மீ. என்ற எல்லையுடன் பயன்படுத்தச் சொன்னது. 31க்கு மேல் இருப்பது நிம்மதிக்குப் போதுமானது அன்று என்பது இதனால் விளங்கும். கால்வீக்கம் உள்ளவரிடமோ இவ்வளவு எளிய அளவும் பொய் சொல்லும். இதயக்கோளாறும் சிறுநீரகக்கோளாறும் மட்டுமல்ல, இரத்த அழுத்தத்திற்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின் மாத்திரையும் காலில் வீக்கத்தை உண்டாக்கும்.

பிரிட்டனில் 2003 முதல் பரவிய மஸ்ட் என்னும் கருவி குறியெண், எடைக்குறைவின் விழுக்காடு, ஐந்து நாளுக்கு மேல் உணவின்றிப் போகவைக்கும் கடும் நோய் ஆகிய மூன்றை மட்டும் கொண்டது. எல்லா வயதினருக்கும் ஆனது, மருத்துவமனைக்கு ஏற்றது. இன்னும் சுருக்கமானது, முதியோரின் ஒருங்கிணைந்த பராமரிப்புக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த கையேட்டில் உள்ள இரண்டு கேள்விகள்: கடந்த மூன்று மாதங்களில் முயலாமலே மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, பசி இல்லாமல் போனதா. வீடுவீடாகச் செல்பவருக்கு இவ்விரண்டும் போதும் என்பதில் ஐயமில்லை. எந்தக் கருவியாயினும் அது சந்தேகத்தையே தருகிறது, நோய்முடிவைத் தருவதில்லை; மெலிவுக்குப் பின்னால் காசநோயோ, புற்றுநோயோ, தைராய்டு மிகைப்போ, கட்டுக்குள் வராத சர்க்கரையோ இருக்கலாம் என்பதால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். இரத்தத்தில் அல்புமின் அளவைப் பார்த்தே சத்துக்குறைவை முடிவுசெய்யும் பழைய வழக்கம் மட்டும் விடத்தக்கது. அல்புமின் குறைவது பெரும்பாலும் அழற்சியின் அடையாளமே.

சோதனையால் பயன் உண்டா என்ற கேள்விக்குக் கிடைத்துள்ள விடைகள் இரண்டும் ஒருசேர வைத்துப் பார்க்கத்தக்கவை. சோதனை செய்வதை மட்டும் தனித்து ஆராய்ந்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டு மதிப்பாய்வு, அதனால் நோயாளிக்கு நன்மை விளைந்தது என்று கூறப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. சுவிட்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில், சோதனையில் ஆபத்து என்று கண்டறியப்பட்ட 2,000க்கும் மேற்பட்டவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உணவியல் வல்லுநர் ஒவ்வொருவரின் தேவையையும் கணித்து உணவை அமைத்துக் கொடுத்து நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. முப்பது நாளில் இறந்தோர் வழக்கமான மருத்துவமனை உணவு பெற்றவர்களில் 10 விழுக்காடு, அமைத்துக் கொடுத்த உணவு பெற்றவர்களில் 7 விழுக்காடு. எந்த மருந்தும் மகிழ்ந்து ஏற்கும் அளவான வேறுபாடு இது. படிவத்திற்குத் தனியே ஆற்றல் இல்லை, படிவத்தைத் தொடர்ந்து வரும் உணவுக்கே ஆற்றல் உண்டு என்று இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கலாம்.

தமிழ்நாட்டில் இந்தத் தொடர்ச்சிக்கான உறுப்புகள் தனித்தனியே இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல் அறுபதைக் கடந்தவர்; நாட்டின் சராசரியோ 8.6 விழுக்காடு. இந்திய அளவில் 2017-18இல் நடந்த முதியோர் நெடுங்கால ஆய்வில் அறுபதைக் கடந்தோரில் கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் எடை குறைந்தவர்களாக இருந்தனர். ஐந்தில் ஒருவர் அளவுக்கு எடை மிகுந்தவர்களாகவும் இருந்தனர் என்பதால், ஒரே அறிவுரையை எல்லாருக்கும் சொல்லும் சுவரொட்டிகளால் பயன் விளையாது. 1982இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் அடுத்த ஆண்டே முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் நீட்டிக்கப்பட்டது. முதியவருக்கு மதிய உணவு தருவது அரசின் பணி என்ற ஏற்பு அப்போதே வந்துவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலப் பெண்கள் வீட்டு வாசலிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அதே வாசலில் எடையைக் கேட்பதும் சென்ற மாத எடையோடு ஒப்பிடுவதும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. சர்க்கரை அளவு சீராகிவிட்டது என்று மகிழ்ந்து குறிக்கப்படும் சில முதியவர்களிடம், அந்தச் சீருக்குக் காரணம் உண்ணாமையே என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

கண்டறியப்பட்டவருக்குச் செய்யத்தக்கவை பெரும்பாலும் சமையலறைக்குள் அடங்குபவை. மூன்று வேளையை ஐந்து சிறு வேளையாக்குதல், கஞ்சியில் பொட்டுக்கடலை மாவோ வறுத்து அரைத்த வேர்க்கடலையோ சேர்த்தல், ஒரு முட்டை, சோற்றில் ரசத்திற்கு முன் கெட்டியான பருப்பும் சிறிது நெய்யும், மெல்ல முடியாதவருக்கு மீனும் பயறும் மசித்து, சிறுநீரகம் பழுதுற்றவருக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுப் புரதத்தின் அளவை முடிவுசெய்தல். பல்செட்டைச் சரிசெய்வதும், பசியைக் கெடுக்கும் மாத்திரையை மாற்றுவதும், எதிரே ஒருவர் அமர்ந்து உடன் உண்பதும் உணவின் பட்டியலில் இல்லாத உணவுச் சிகிச்சைகள். டப்பாவில் வரும் ஊட்டமாவுக்கு இடம் உண்டு, ஆனால் அது சோற்றுக்கு ஈடாகக் குடிக்கப்பட்டால் கணக்கு முன்னிருந்த இடத்திற்கே திரும்பிவிடும். ஐந்து நாளுக்கு மேல் ஏறத்தாழ எதுவும் உண்ணாதவருக்கு அன்பினால் ஒரேயடியாக ஊட்டிவிடுவதும் ஆபத்து: வற்றிய உடலில் மாவுச்சத்து திடீரென்று சேரும்போது இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் தடுமாறக்கூடும். அத்தகையோருக்குத் தயமின் என்னும் பி1 வைட்டமின் கொடுத்து, முதலிரண்டு நாளும் தேவையின் பாதிக்கு மிகாமல் தொடங்கி, இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவதே மருத்துவமனை முறை.

சோதனை யாருக்கு வேண்டாம் என்பதும் சொல்லப்பட வேண்டியது. முற்றிய மறதிநோயில் உணவை மறுப்பது நோயின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது. அப்போது மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ குழாய் பொருத்துவது ஆயுளை நீட்டுவதில்லை, படுக்கைப்புண்ணைக் கூட்டுகிறது என்பதால், அமெரிக்க முதுமையியல் கழகம் 2014இல் அதைப் பரிந்துரைக்க மறுத்து, பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே ஏற்றது. அந்நிலையில் இருப்பவரை எடைப்பலகையில் ஏற்றி மதிப்பெண் இடுவதால் குடும்பத்திற்குக் குற்றவுணர்வு ஒன்றே மிஞ்சும். அங்கே பார்க்க வேண்டியவை வாய் உலர்கிறதா, விழுங்கும்போது புரையேறுகிறதா, கொடுத்ததை விரும்பி ஏற்கிறாரா என்பவையே. எத்தனை கிலோ என்ற கேள்வியை அந்தப் படிவத்திலிருந்து அடித்துவிடலாம்.